இழப்புக்குப் பின் மீண்டும் கருவுற்றவர்களுக்கு: மனநலம் காக்கும் முழுமையான வழிகாட்டி

முன்பு கரு கலைந்தோ, குழந்தை இறந்து பிறந்தோ துயரம் கண்ட பெண் மீண்டும் கருவுறும்போது, மகிழ்ச்சி தனியாக வருவதில்லை. கருவுற்றால் குழந்தை பிறந்துவிடும் என்று முன்பு இருந்த இயல்பான நம்பிக்கை ஒருமுறை உடைந்துவிட்டது. அதைப் பழையபடி ஒட்டவைக்க எந்த ஆறுதலாலும் இயலாது. ஆகவே, பயமே இல்லாத கர்ப்பகாலத்தை இந்த வழிகாட்டி வாக்களிக்கவில்லை. பயம் கூடவே இருக்கும் மாதங்களில் உறக்கமும் உணவும் உறவுகளும் குலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி, எந்தக் கட்டத்தில் அது சிகிச்சை தேவைப்படும் நோயாகிறது, மருத்துவரிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பவற்றைக் கருவுறுவதற்கு முன்பிருந்து பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் வரை வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: நடந்தது என்ன என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல்

இயன்றால் மீண்டும் கருவுறுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. ஏற்கெனவே கருவுற்றிருந்தாலும் காலம் கடந்துவிடவில்லை. முந்தைய இழப்பு குறித்த மருத்துவ அறிக்கைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, அதற்காகவே நேரம் கேட்டுப் பெற்று மகப்பேறு மருத்துவரைச் சந்தியுங்கள். காரணம் கண்டறியப்பட்டதா, இன்னும் செய்யவேண்டிய பரிசோதனை ஏதேனும் உண்டா, மீண்டும் நிகழாமல் தடுக்கச் சிகிச்சை இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் எழுதிக்கொண்டு போவது உதவும், ஏனெனில் அந்த அறைக்குள் நுழைந்ததும் கேட்க நினைத்தது மறந்துபோவது பலருக்கும் நேர்வதுதான்.

முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் கோளாற்றினால் கலைகின்றன. பெரும்பாலும் அது கருவுறும் தருணத்திலேயே தற்செயலாக நேர்ந்துவிடுகிறது. மாடிப்படி ஏறியதோ, பயணம் செய்ததோ, ஒருநாள் கோபப்பட்டு அழுததோ, கருவுற்ற செய்தியைச் சீக்கிரமே வெளியே சொன்னதோ அதற்குக் காரணமல்ல. இதை மருத்துவர் வாயால் ஒருமுறை தெளிவாகக் கேட்பதற்கும், எங்கோ படித்துத் தெரிந்துகொள்வதற்கும் வேறுபாடு உண்டு. ஆகையால் "நான் செய்த ஏதாவது ஒன்றால் இது நடந்ததா?" என்று கூச்சப்படாமல் நேரடியாகவே கேளுங்கள். மனத்தில் குற்ற உணர்வு தங்கிவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் அது கண்காணிப்பு வெறியாக மாறுவதைத் தவிர்ப்பது கடினம்.

சில காரணங்களுக்குச் சிகிச்சை உண்டு. தொடர்ந்து கரு கலைந்தவர்களிடம் சில வேளைகளில் காணப்படும், இரத்தம் எளிதில் உறைந்துவிடும் ஆன்டிஃபாஸ்போலிப்பிட் நோய்க்கூட்டுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தரப்படுகின்றன. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றை முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டுவரலாம். முந்தைய கரு கருக்குழாயில் தங்கியிருந்தால், அடுத்த முறை ஆறு, ஏழு வாரங்களிலேயே ஸ்கேன் எடுத்துக் கரு கருப்பைக்குள் இருப்பதை உறுதிசெய்தாக வேண்டும். காரணமே கண்டுபிடிக்கப்படாமல் போவதும் உண்டு, அது தாங்கிக்கொள்ளக் கடினமான பதில்தான். ஆனால் காரணம் தெரியாமல் மூன்று முறை தொடர்ந்து கருவை இழந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அடுத்த கர்ப்பத்தில் குழந்தையைப் பெறுகிறார்கள்.

எவ்வளவு காலம் காத்திருப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கருச்சிதைவுக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் இடைவெளி விடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இல் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே கருவுற்றவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. உடல் தயாராவது வேறு, மனம் தயாராவது வேறு. இறந்து பிறந்த குழந்தைக்குப் பின் ஓராண்டுக்குள் கருவுற்ற பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்ததாக பிரிட்டனில் 1999-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. வயது காரணமாகக் காத்திருக்க முடியாதவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. மனநல ஆதரவைத் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள்.

படி 2: மனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே அறிதல்

லண்டன் இம்பீரியல் கல்லூரியும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப மாதங்களில் கருவை இழந்த பெண்களில் 29 விழுக்காட்டினரிடம் ஒரு மாதம் கழித்து அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 விழுக்காட்டினரிடம் அவை நீடித்தன. ஒன்பது மாதத்துக்குள் மீண்டும் கருவுறுபவர்கள் பலர் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்தக் காயம் ஆறுவதற்கு முன்பே அடுத்த கர்ப்பம் தொடங்கிவிடுகிறது என்பது விளங்கும். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. பிரிட்டனில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், முந்தைய இழப்பினால் வந்த மனச்சோர்வும் பதற்றமும் ஆரோக்கியமான குழந்தை பிறந்த பிறகும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்வரை நீடித்தது தெரியவந்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பிரசவம் முடியட்டும், தானாகச் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது பலன் தராது என்பதற்காகவே சொல்கிறேன்.

இந்தக் கர்ப்பத்தில் குழந்தையோடு மனத்தை ஒட்டவிடாமல் தள்ளி வைத்திருப்பது மிகப் பரவலாகக் காணப்படும் ஒன்று. பெயர் யோசிப்பதில்லை, துணி வாங்குவதில்லை, "குழந்தை" என்று சொல்லாமல் "ரிப்போர்ட்", "ஸ்கேன்" என்றே பேசுவது, பிரசவ தேதியைக் கேட்டால் பேச்சை மாற்றுவது என்று அது பல விதமாக வெளிப்படும். மீண்டும் அடிபட்டால் வலி குறைவாக இருக்கட்டும் என்று மனம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் தற்காப்பு இது. இதனால் நான் நல்ல தாய் இல்லையோ என்று வருந்தத் தேவையில்லை. ஒட்டுதல் மெதுவாக வரலாம், குழந்தை பிறந்த பின்புகூட வரலாம்.

மற்றொன்று, துக்கமும் எதிர்பார்ப்பும் மாறி மாறி வருவது. துயரைப் பற்றி ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் ஆகியோர் 1999-இல் முன்வைத்த கருத்துப்படி, இழப்பை நோக்கியும் வாழ்வை நோக்கியும் மனம் ஊசலாடுவதே துக்கம் ஆறும் இயல்பான வழி. காலையில் தொட்டிலைப் பற்றி யோசித்தவர் மாலையில் போன குழந்தையை நினைத்து அழுவதில் முரண் எதுவும் இல்லை. புதிய குழந்தைக்காக மகிழ்வது பழைய குழந்தைக்குச் செய்யும் துரோகமும் அல்ல.

"இப்படிப் பயந்துகொண்டே இருந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாதே" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வதுண்டு. பயத்தோடு, பயப்படுகிறோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ள இந்தச் சொல் ஒன்றே போதும். அன்றாடக் கவலையும் கண்ணீரும் கருவைக் கலைப்பதில்லை. நீண்டகாலம் கவனிக்கப்படாமல் விடப்படும் கடும் மனச்சோர்வும் பதற்றமும்தான் உணவு, உறக்கம், பரிசோதனைக்குப் போவது ஆகியவற்றைக் குலைத்துத் தாய்க்கும் குழந்தைக்கும் கேடாகின்றன. அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

படி 3: மருத்துவக் குழுவோடு எழுத்தில் ஒரு திட்டம்

முதல் சந்திப்பிலேயே உங்கள் இழப்பை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எத்தனையாவது வாரம், என்ன நடந்தது, எப்படித் தெரியவந்தது, எந்தச் சொல் அல்லது எந்தச் சூழல் உங்களைக் கலங்கடிக்கிறது, குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர். ஒவ்வொரு முறையும் புதிய செவிலியரோ மருத்துவரோ "இது எத்தனையாவது? முதல் குழந்தையா?" என்று கேட்கும்போது மொத்தக் கதையையும் நின்றபடியே சொல்ல வேண்டியிருப்பது பெரும் வேதனை. அந்தத் தாளை எடுத்து நீட்டினால் போதும். கோப்பின் முதல் பக்கத்தில் முந்தைய இழப்பு கண்ணில் படும்படி குறிக்கச் சொல்வதும் உங்கள் உரிமைதான்.

அடுத்து, பரிசோதனை அட்டவணை. கர்ப்பகாலத்தில் குறைந்தது எட்டு முறையாவது மருத்துவப் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்பது 2016 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முன்பு இழந்தவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக, குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், சந்திப்புகள் தேவைப்படலாம். ஆனால் பதற்றம் ஏறும்போதெல்லாம் ஓடிப்போய் ஸ்கேன் எடுப்பதைவிட, முன்கூட்டியே தேதி குறித்த ஸ்கேன்கள் மேலானவை. ஸ்கேன் தரும் நிம்மதி பெரும்பாலும் சில நாளில் கரைந்துவிடும், உடனே அடுத்ததற்கு மனம் ஏங்கும், ஏக்கம் தீர்ந்ததும் இடைவெளி இன்னும் குறையும். நாட்காட்டியில் அடுத்த தேதி நிச்சயமாக இருக்கிறது என்ற உறுதியோ அந்த இடைவெளியைக் கடக்க உதவுகிறது. இந்தத் திட்டத்தில் இரவிலும் விடுமுறை நாளிலும் அழைக்க வேண்டிய எண், எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், எதற்கு மறுநாள்வரை பொறுக்கலாம் என்பவையும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

படி 4: முதல் பன்னிரண்டு வாரங்களைக் கடத்தல்

எனக்குத் தெரிந்தவரை, இந்தக் காலத்தைப் பற்றித்தான் வெளியில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. பெரும்பாலான கருச்சிதைவுகள் இந்த வாரங்களில் நிகழ்வதால் பயம் உச்சத்தில் இருக்கும். அதே வேளையில் வெளியில் எவருக்கும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் உள்ளாடையையும் துடைத்த தாளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, அதற்காகவே தேவையில்லாமல் எழுந்து போவது, இரவில் மூன்று முறை விழித்துப் போய்ப் பார்ப்பது என்று இழப்பைச் சந்தித்த பெண்கள் பலர் இந்த வாரங்களைக் கழிக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கே இது தெரிவதில்லை. இதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது நடக்காத காரியம். இயல்பாகப் போகும்போது ஒருமுறை பார்ப்பது, பார்ப்பதற்காகவே போகாமலிருப்பது என்று முதலில் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். போக வேண்டும் என்ற உந்துதல் எழுந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போட்டு, அந்த நேரத்தில் கையை ஈடுபடுத்தும் வேலை ஏதாவது செய்யுங்கள். பிறகு மெல்ல அதை இருபது நிமிடமாக்குங்கள். பார்க்காமலிருந்தும் எதுவும் நடக்கவில்லை என்பதை மனம் அனுபவித்துக் கற்க வேண்டியிருக்கிறது, சொல்லிக் கற்பதில்லை.

சிறிதளவு இரத்தம் தென்பட்டாலே எல்லாம் முடிந்தது என்று பொருளல்ல. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முதல் மூன்று மாதங்களில் இரத்தக் கசிவு ஏற்படுகிறது, அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. ஆயினும் எந்தக் கசிவையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அதிகமான இரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மசக்கை குறைந்தாலும் பயம், கூடினாலும் துன்பம். காலையில் எழுந்ததும் குமட்டல் இருக்கிறதா, மார்பில் வலி இருக்கிறதா என்று உடலைச் சோதித்துப் பார்ப்பது வழக்கமாகிவிடும். இந்த அறிகுறிகள் நாளுக்கு நாள் ஏறி இறங்குபவை. பன்னிரண்டு முதல் பதினான்கு வாரங்களுக்குள் மசக்கை தணிவது பெரும்பாலோருக்கு இயல்பு. தொடக்கத்திலிருந்தே மசக்கை இல்லாமல் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றவர்களும் நிறைய உண்டு. அதேபோல் வீட்டுப் பரிசோதனைக் குச்சியை நாள்தோறும் வாங்கிக் கோட்டின் அடர்த்தியை ஒப்பிடுவதில் பயனில்லை. கோட்டின் நிறம் குடித்த தண்ணீரின் அளவைப் பொறுத்தும் மாறும். கரு வளர்கிறதா என்பதை அது சொல்வதில்லை.

இணையத்தில் தேடுவது பற்றியும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் கைபேசியில் தேடிக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் அடுத்த பத்துத் தேடல்களுக்கு வழிவகுக்கின்றன. எழும் கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, பகலில் குறித்த நேரத்தில், மருத்துவரிடமோ நம்பகமான மருத்துவ நிறுவனத்தின் பக்கத்திலோ மட்டும் விடை தேடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவலைக்கென்றே மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி, மற்ற வேளையில் வரும் கவலையை அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்கும் முறையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் கற்பிக்கப்படுவது. கேட்கும்போது எளிதாகத் தோன்றினாலும் இரண்டு மூன்று வாரம் பழகினால்தான் கைகூடும்.

நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும்போது, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். சில நிமிடங்கள் தொடருங்கள். மூச்சை வெளிவிடும் நேரம் நீள்வதுதான் முக்கியம், எண்ணிக்கையின் துல்லியமல்ல.

படி 5: ஸ்கேன் நாள்

முந்தைய இழப்பு ஸ்கேன் அறையில்தான் தெரியவந்தது என்றால், அந்த அறையின் இருட்டும் ஜெல்லின் குளிர்ச்சியும் போதும், உடல் நடுங்கத் தொடங்கிவிடும். ஸ்கேன் செய்பவர் அளவெடுப்பதற்காகப் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சில நொடிகள் மிகக் கொடியவை. அவருக்கு அது வேலையின் ஒரு பகுதி, படுத்திருப்பவருக்கோ முன்பு கேட்ட அதே மௌனம். எனவே படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "போன முறை இந்த அறையில்தான் துடிப்பு இல்லை என்று சொன்னார்கள். முதலில் இதயத் துடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், அளவுகளைப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்." இவ்வளவு சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். திரையைப் பார்க்க விரும்புகிறீர்களா, கேட்டால் போதுமா என்பதையும் முன்பே முடிவுசெய்துகொள்ளலாம்.

துணைக்கு ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். நாளின் முதல் நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும் நேரம் குறையும். அன்று அலுவலகத்துக்கு நேராகத் திரும்பும்படி திட்டமிடாதீர்கள். நல்ல செய்தி கிடைத்த பிறகும் உடல் தளர்ந்துபோவதும் அடக்க முடியாமல் அழுகை வருவதும் உண்டு. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் துடிப்பு தெரியத் தொடங்கும் என்றாலும், கருவுற்ற நாள் சில நாட்கள் தள்ளிப்போயிருந்தால் தெரியாமலும் போகலாம். மிகச் சீக்கிரம் போய்த் தெளிவற்ற விடையோடு திரும்பி ஒரு வாரம் தவிப்பதைவிட, மருத்துவக் காரணம் இல்லாதவரை ஏழாம் வாரத்துக்குப் பின் போவது நல்லது என்பது என் எண்ணம்.

படி 6: கனமான தேதிகள்

முன்பு இழந்த அதே வாரம், அந்தக் குழந்தை பிறந்திருக்க வேண்டிய நாள், இழந்த நாளின் ஆண்டு நிறைவு ஆகிய மூன்றையும் நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். மறந்துவிட்டதாக நினைத்தாலும் உடல் அவற்றை அறிந்துகொள்ளும். காரணம் புரியாத எரிச்சலும் தூக்கமின்மையும் தலைகாட்டிய பிறகு நாட்காட்டியைப் பார்த்தால் விடை இருக்கும். இழந்த வாரத்தையொட்டி முன்னும் பின்னும் ஒரு சந்திப்பு இருக்கும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த நாட்களில் புதிய பொறுப்புகளை ஏற்காதீர்கள். அந்த வாரம் கடந்ததும் பயம் விலகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் பலர். சிலருக்குத் தணிகிறது, சிலருக்கு அது அடுத்த கட்டத்துக்கு இடம்பெயர்கிறது, இரண்டுமே இயல்பானவை.

படி 7: குழந்தையின் அசைவைத் தெரிந்துகொள்ளுதல்

அசைவு முதலில் உணரப்படுவது பதினாறு முதல் இருபத்து நான்கு வாரங்களுக்குள். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் இருந்தால் உணர்வு சற்றுத் தாமதமாகலாம். இருபத்து நான்கு வாரம் ஆகியும் அசைவே தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஏறத்தாழ இருபத்தெட்டாம் வாரத்திலிருந்து உங்கள் குழந்தைக்கென்று ஒரு வழக்கம் இருப்பது புலப்படும்: எந்த வேளையில் துள்ளும், எப்போது அடங்கியிருக்கும் என்பது. எண்ணிக்கையைவிட அந்த வழக்கத்தில் வரும் மாற்றமே கவனிக்க வேண்டியது. வயிற்றுக்குள் குழந்தை உறங்கும்போது இருபது முதல் நாற்பது நிமிடம் அசையாமல் இருப்பது இயல்பு. தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

பிரசவம் நெருங்கும்போது இடம் போதாமல் அசைவு குறையும் என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. அசைவின் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. குறைந்ததாகத் தோன்றினால் குளிர்ந்த நீரோ இனிப்போ சாப்பிட்டுப் பார்த்துக் காத்திருக்காமல், விடியட்டும் என்று ஒத்திப்போடாமல், உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். சென்ற வாரம் போய் எல்லாம் சரியாக இருந்தது, மறுபடி போனால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் இந்த ஒரு விஷயத்தில் வேண்டவே வேண்டாம். வீட்டிலேயே துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாயின் இரத்தக்குழாய் ஓசையைக் குழந்தையின் துடிப்பென்று எடுத்துக்கொண்டு, போக வேண்டிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடும் ஆபத்து அதில் உண்டு. ஓசை பிடிபடாத நாளில் வீண் பீதியும் உண்டு.

இருபத்தெட்டாம் வாரத்துக்குப் பின் ஒருக்களித்துப் படுத்து உறங்கச் செல்வது குழந்தைக்குப் பாதுகாப்பானது. நடுவில் விழித்தபோது மல்லாந்து கிடந்தால் பதறாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

படி 8: கணவரும் மற்றவர்களும்

கணவர் பேசாமலிருப்பதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டு உறவில் விரிசல் விழுந்த குடும்பங்கள் உண்டு. இழப்பு அவருக்கும்தான். மனைவி முன் கலங்கக் கூடாது என்று அடக்கிக்கொள்பவர்களுக்கும் பதற்றமும் மனச்சோர்வும் வருகின்றன, ஆனால் அவர்களிடம் எவரும் விசாரிப்பதில்லை. வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம், கைபேசியை ஒதுக்கிவைத்து, இந்த வாரம் எது பயமுறுத்தியது என்று இருவரும் சொல்லிக்கொள்வது நல்ல பழக்கம். ஒருவர் சொல்லும்போது மற்றவர் தீர்வு சொல்ல வேண்டியதில்லை.

"போனதை நினைத்துக்கொண்டிருந்தால் வருவது எப்படி நல்லா இருக்கும்?", "அதுதான் இன்னொன்று வந்துவிட்டதே" என்று உறவினர்கள் சொல்வது பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான். அதனால் வலி குறைந்துவிடாது. ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிச் சோர்வதைவிட, "இப்போது அதைப் பற்றிப் பேசும் நிலையில் நான் இல்லை, நன்றி" என்ற ஒரே பதிலைப் பழகிவையுங்கள். அதைச் சொல்லும் பொறுப்பை உங்கள் சார்பில் ஒருவரிடம் ஒப்படைப்பது இன்னும் நல்லது. கருவுற்ற செய்தியை எப்போது சொல்வது என்பதில், ஏதாவது நேர்ந்தால் யாருடைய தோளில் சாய்வோமோ அவர்களிடம் முன்பே சொல்லிவிடலாம்; மற்றவர்கள் காத்திருக்கட்டும். முதல் குழந்தையா என்று அந்நியர் கேட்டால் உண்மையைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அந்த நேரத்து மனநிலையைப் பொறுத்தது.

படி 9: சிகிச்சை தேவைப்படும் எல்லை

பயம் எப்போது நோயாகிறது? இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் வெறுமையாக இருப்பது, எதிலும் விருப்பமின்மை, உறங்க வாய்ப்பிருந்தும் உறக்கம் வராதது, உணவு இறங்காதது, இழந்த காட்சி கண்முன் திடீரென ஓடுவது, பயத்தினால் பரிசோதனைக்கே போகாமல் தவிர்ப்பது, நாளின் பெரும்பகுதியைச் சரிபார்ப்பதிலேயே கழிப்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்ன இரண்டும் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. மிகுந்த அக்கறை என்றோ, தைரியம் என்றோ வெளியே தோற்றமளிக்கும்.

எடின்பரோ மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு அளவுகோல் 1987-இல் உருவாக்கப்பட்டது, கர்ப்பகாலத்திலும் பயன்படுகிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வுக்கு வாய்ப்பு அதிகம். 10-ஐத் தாண்டினாலே விரிவாக விசாரிக்கும் மருத்துவமனைகளும் உள்ளன. பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் குறித்தது; மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு எந்த விடை வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அளவுகோல் நோயை உறுதிசெய்வதில்லை, பேச்சைத் தொடங்கிவைக்கிறது. உங்கள் மருத்துவமனையில் இதைக் கொடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

பேச்சுவழிச் சிகிச்சைகளில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், உறவுகளையும் இழப்பையும் மையப்படுத்தும் சிகிச்சையும் கர்ப்பிணிகளுக்குப் பலனளிப்பவை. மனநல மருத்துவர் அருகில் இல்லாத இடங்களில், பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்களே வழங்கும்படி எளிமையாக்கிய சிகிச்சைக் கையேட்டை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்டது. நிபுணர் கிடைக்கவில்லை என்பதால் உதவியே இல்லை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. முந்தைய இழப்பின் காட்சிகள் மீண்டும் மீண்டும் வந்து வாட்டினால், அதிர்ச்சிக்கான தனிச் சிகிச்சையில் தேர்ந்தவரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி: ஏற்கெனவே மனநல மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் கருவுற்றது தெரிந்ததும் பயந்துபோய்த் தாமாகவே நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படித் திடீரென நிறுத்துவது நோயைப் பழைய நிலைக்கு, சில வேளைகளில் அதைவிட மோசமான நிலைக்குக் கொண்டுபோகும். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் கர்ப்பகாலத்திலும் பாலூட்டும் காலத்திலும் நீண்டகாலமாகப் பயன்பட்டுவருபவை. மாறாக, மனநிலை ஏற்றத்தாழ்வு நோய்க்கும் வலிப்புக்கும் தரப்படும் வால்ப்ரோயேட் என்ற மருந்து குழந்தைக்குக் கடும் பிறவிக் குறைகளை ஏற்படுத்துவதால் தவிர்க்கப்படுவது. அதை எடுத்துக்கொள்பவர் கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். தொடர்வதா, குறைப்பதா, மாற்றுவதா என்பதை மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

வாழ விருப்பமில்லை என்ற எண்ணமோ, தன்னைத்தானே துன்புறுத்தும் எண்ணமோ வந்தால் அதை அவசர நிலையாகவே கருதி உடனே அருகிலுள்ளவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள். உடனிருப்பவர்கள், "அப்படி எல்லாம் பேசாதே" என்று வாயடைக்காமல், கேட்டுக்கொண்டு துணை நிற்க வேண்டும்.

படி 10: பிரசவமும் அதற்குப் பின்னும்

கடைசி மாதத்தில் பிரசவ அறையை ஒருமுறை முன்கூட்டியே பார்த்துவர அனுமதி கேளுங்கள், குறிப்பாக முன்பு இழந்த அதே மருத்துவமனை என்றால். அதே அறை, அதே தளம் வேண்டாம் என்று கேட்பதில் தவறில்லை. பிரசவத்தை முன்கூட்டியே தூண்டச் சொல்லலாமா என்ற கேள்வி பலருக்கு எழும். முப்பத்தொன்பதாம் வாரத்துக்கு முன் பிறப்பதில் குழந்தைக்குச் சில பாதகங்கள் உண்டு, ஆனால் தாங்க முடியாத பதற்றமும் மருத்துவர் எடைபோட வேண்டிய ஒரு காரணம்தான், மறைக்காமல் சொல்லுங்கள்.

குழந்தை பிறந்து அழும் ஒலியைக் கேட்டதும் மகிழ்ச்சி பொங்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குச் சில வேளைகளில் உணர்ச்சியே இல்லாமல் மரத்துப்போகிறது. சிலருக்கு இழந்த குழந்தையின் துக்கம் அந்த நேரத்தில்தான் முதன்முறையாக முழுமையாக வெளிப்படுகிறது: இவன் இப்படி இருக்கிறானே, அவளும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று. பிறகு, உறங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று மணிக்கொருமுறை பார்ப்பது தொடங்கும். கர்ப்பத்தில் கழிப்பறைக்கு ஓடிய அதே பதற்றம்தான் இடம் மாறியிருக்கிறது. அதற்குப் பழகிய தள்ளிப்போடும் முறையே இதற்கும் பொருந்தும். குழந்தையை எப்போதும் மல்லாந்து படுக்கவைப்பது, தொட்டிலில் தலையணையும் தளர்ந்த துணியும் இல்லாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை சரிபார்ப்பதைவிட உண்மையான பாதுகாப்பு. இரவில் ஒரு பகுதியையாவது மற்றொருவர் கண்விழித்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

பிரசவமான சில நாட்களில் வரும் கண்ணீரும் எரிச்சலும் இரண்டு வாரத்துக்குள் தணிய வேண்டும். தணியாவிட்டால் மனச்சோர்வாக இருக்கலாம். உறக்கமே இல்லாமல் பரபரப்பு, பிறருக்குக் கேட்காத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீத நம்பிக்கைகள் ஆகியவை தென்பட்டால் அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனப்பிறழ்வு, மருத்துவ அவசரம். அதைத் தாயால் உணர முடியாமல் போகலாம் என்பதால் வீட்டிலிருப்பவர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் ஆலோசனையோ மருந்தோ தொடங்கியிருந்தால் குழந்தை பிறந்ததும் அவற்றை நிறுத்தாதீர்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாட்களில் உங்கள் மனநிலையையும் விசாரிக்கும்படி செவிலியரிடம் கேட்டு, எடின்பரோ அளவுகோலை ஆறாம் வாரத்திலும் அதன்பின் முதல் ஆண்டு முடியும்வரை சில முறையும் மீண்டும் நிரப்பிப் பாருங்கள்.